காட்சித் தெளிவுப் பொறி

வெங்காயத்துக்குத் தடை போட்ட டிராம் கம்பெனி உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

எங்கள் போர்ட் ஆல்டனில் குளிர்காலம் என்றாலே உறைமழை. வானத்திலிருந்து தண்ணீராகத்தான் இறங்கும். வண்டியின் முன்கண்ணாடியைத் தொட்டதும் பனிக்கட்டியாகிவிடும். கொஞ்ச தூரம் போவதற்குள் ஓட்டுநருக்கு எதிரே இருப்பது கண்ணாடியா சுவரா என்று தெரியாது. இதற்கு ஓட்டுநர்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் அழுத்தித் தேய்த்துவிட்டால், ஒரு நடை போய்வரும் வரை பனி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு நாள் பாங்கு முதலாளியின் மனைவி, தன் கரடித்தோல் கோட்டில் வெங்காய வாடை ஏறிவிட்டதாகக் கம்பெனியில் போய் நின்றார். மறுநாளே உத்தரவு வந்தது. ஓட்டுநர் நிற்கும் முன்கூண்டில் வெங்காயமோ வேறெந்தக் காய்கறியோ இருக்கக் கூடாது. அன்று மத்தியானம் எங்கள் ஓட்டுநரின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்த மேற்பார்வையாளர், உள்ளே இருந்த அவித்த கேரட்டைப் பறிமுதல் செய்தார்.

நான் கண்டக்டர். பெயர் கெனீலி. வண்டியின் பின்படியில் நிற்பவன். முன்னால் நிற்பவன் ஸிவெர்ட் லிண்டெல். ஸ்வீடன்காரன், ஆள் கதவு அகலம் இருப்பான். அவனைப் போலக் கம்பெனியை நம்பிய மனிதனை நான் பார்த்ததில்லை. ஒரு விதி முட்டாள்தனமாகப் பட்டால் விதியை அவன் சந்தேகிக்க மாட்டான். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். கேரட் போன அன்றுகூட, "ஏதாவது காரணம் இருக்கும்ப்பா" என்றுதான் சொன்னான். எனக்கு வயிற்றெரிச்சல். என் ரொட்டியில் பாதியை அவனுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெங்காயம் இல்லாத அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் முன்கண்ணாடியின் மேல்பாதியைத் திறந்து, தலையை வெளியே நீட்டித்தான் வண்டி ஓட்டினான். பனி ஊசி ஊசியாக முகத்தில் அடிக்கும். இடது கண்ணில்தான் அதிகம், ஏரிக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். வசந்தம் வந்தபோது அந்தக் கண் தக்காளிபோலச் சிவந்திருந்தது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வசந்தத்திலும் கண் பரிசோதனை உண்டு. இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பலகையைப் படிக்க வேண்டும். படிக்காதவன் அங்கேயே தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். லிண்டெல் தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டான். கம்பெனி டாக்டர் ஓர்ம்ஸ்பி அவன் இமையைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தத் தடவை தப்பிச்சிட்ட. இன்னொரு குளிர்காலம் இந்தக் கண்ணுல ஐஸ் அடிச்சதுன்னா கண்ணு போயிடும். சொல்றது புரியுதா? திரும்ப வராது."

"புரியுது டாக்டர். ஆனா கண்ணாடி வழியாத் தெரியலையே."

"அது என் இலாகா இல்லப்பா."

லிண்டெலுக்கு மனைவி ஹில்டுர், இரண்டு பெண்கள். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அன்று மாலை அவன் என்னையும் இழுத்துக்கொண்டு சூப்பரிண்டெண்ட் பிக்ஃபோர்டைப் பார்க்கப் போனான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சார், கொஞ்சம் வெங்காயத்துக்கு அனுமதி கொடுத்தா போதும். வாடை வராம துணில சுத்தி வெச்சுக்கறேன்."

பிக்ஃபோர்ட் மெலிந்த மனிதர். கழுத்துப்பட்டை தாடையை இடிக்கும். அதனால் யாரைப் பார்த்தாலும் மேலேயிருந்து பார்ப்பதுபோல இருக்கும். "லிண்டெல், இது இருபதாம் நூற்றாண்டு. மின்சாரத்துல ஓடற வண்டி இது. இதைக் காய்கறி வெச்சுத் துடைக்கறதா? தலைவர் காதுல விழுந்தா என்ன நினைப்பார்?"

தலைவர் காதில் விழுந்தது. தலைவர் என்றால் கர்னல் த்ராப். எந்த யுத்தத்தில் கர்னல் என்று கேட்கக் கூடாது. அவர் உடனே ஒரு குழு அமைத்தார். ஓட்டுநரின் கண்ணாடியை அறிவியல் முறையில் துடைப்பது எப்படி என்று ஆராயும் குழு. அதில் ஒரு வக்கீல், ஒரு மர வியாபாரி, பாங்கு முதலாளி, கர்னலின் மைத்துனர் இருந்தார்கள். உறைமழையில் வண்டி ஓட்டியவர் யாரும் இல்லை. அப்படிப்பட்டவர் இருந்தால் ஒருதலைப்பட்சமாகப் பேசுவார் என்று பிக்ஃபோர்ட் விளக்கினார்.

பொறி வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பொறியில் குறை இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு மரக்கை, அதன் ஓரத்தில் ரப்பர் பட்டை. உள்ளே ஒரு சின்னக் கைப்பிடி. அதைத் தள்ளினால் மரக்கை கண்ணாடியை அழுத்தித் துடைத்துக்கொண்டு போகும், விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வரும். வெளியூரில் யாரோ ஒரு பெண்மணி யோசித்துச் செய்தது என்று கேள்வி. அவர் செய்தபடியே மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. குழு அதைத் தொட்டது. முதலில் அதற்குக் காட்சித் தெளிவுப் பொறி என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் அதைக் கை என்றுதான் சொன்னோம்.

கோடைகாலத்தில் வண்டிக் கொட்டகையில் முதல் சோதனை. எங்களையெல்லாம் பொத்தான் துலக்கிக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். கண்ணாடியில் எதையாவது பூசினால்தானே துடைப்பது தெரியும்? அழுக்குக் கண்ணாடியைத் தலைவருக்குக் காட்டுவது மரியாதை இல்லை என்று பிக்ஃபோர்ட் காலையிலேயே அதைப் பளபளவென்று துடைக்க வைத்துவிட்டார். கர்னல் எதிரே வந்து நின்றார். கை இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் வந்தது. கர்னல் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"பிரமாதம்! ஒரு பொட்டு அழுக்கு இல்ல!"

எல்லோரும் கை தட்டினார்கள். லிண்டெலும் தட்டினான். அவன் கண்கலங்கியிருந்தான். இனிமேல் கண் தப்பித்தது என்று அவன் நம்பினான்.

பிறகு கர்னல் பேசினார். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஓட்டுநருக்கு ரெண்டு கை. இடது கை வேகத்துக்கு, வலது கை பிரேக்குக்கு. ரெண்டும் கம்பெனியோட கை. மூணாவதா ஒரு கைப்பிடியை அவன் முன்னால வெச்சா, அவன் எந்தக் கையை எடுப்பான்? எதை எடுத்தாலும் ஆபத்து. அதனால பொறியோட கைப்பிடியை ஓட்டுநர்கிட்டேருந்து எவ்வளவு தூரத்துல வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்துல வைக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம். அதாவது கண்டக்டர்கிட்ட. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு கேக்கறேன். ஓட்டுநர் அப்படி எதைப் பார்க்கணும்? குதிரைவண்டி கண்ட பக்கம் திரும்பும். டிராம் தண்டவாளம் போற இடத்துக்குத்தான் போகும். தண்டவாளம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பார்வைங்கறது நம்ம கம்பெனி அவனுக்குக் கொடுக்கற ஒரு உபரிச் சௌகரியம்."

இப்படியாகக் கண்ணாடி வண்டியின் முன்னாலும், அதைத் துடைக்கும் பொறுப்பு பின்னாலும் வந்து சேர்ந்தது. நடுவில் பயணிகளின் தலைக்கு மேலே கூரையோடு கூரையாக ஒரு கயிறு. அதே கூரையில் ஏற்கனவே மணிக்கயிறு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு தடவை இழுத்தால் அடுத்த நிறுத்தத்தில் நில், இரண்டு தடவை இழுத்தால் கிளம்பு. இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே தடிமனில். ஓட்டுநருக்குக் கண்ணாடி மறைத்தால் காலால் மிதிக்கும் மணியை நான்கு தடவை அடிப்பான், நான் பொறிக் கயிற்றை இழுத்துவிட வேண்டும். தெருவில் குறுக்கே வருபவர்களை விரட்டவும் அவன் அதே மணியைத்தான் மிதிப்பான். நாய்க்கு அடித்தானா எனக்கு அடித்தானா என்று நான் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும்.

முதல் வாரம் வேடிக்கையாகத்தான் போயிற்று. இறங்க வேண்டிய பாட்டியம்மாக்கள் மணிக்கயிறு என்று பொறிக் கயிற்றை இழுத்தார்கள். வண்டி நிற்கவில்லை, கண்ணாடி மட்டும் துடைபட்டது. வெயிலில் காரணமில்லாமல் மரக்கை ஆடுவதைப் பார்த்த தெருப் பிள்ளைகள் வண்டிக்குக் கையசைத்தார்கள். லிண்டெல் பதிலுக்குக் கையசைக்கவில்லை. கையை எடுக்க அவனுக்கு அனுமதி இல்லை.

பிறகு குளிர் வந்தது.

எங்கள் வழித்தடம் ஒரு செங்குத்தான மலைத்தெருவில் நேராக ஏரியைப் பார்த்து இறங்கும். அடிவாரத்தில் சரக்கு ரயிலின் தண்டவாளம் எங்கள் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும். கேட் கிடையாது, காவல்காரன் கிடையாது. டிராம் அந்த ரயில் தண்டவாளத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். கண்டக்டர் பின்னாலிருந்து இறங்கி, முன்னால் நடந்துபோய், ரயில் தண்டவாளத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொடியை வீச வேண்டும். கொடியைப் பார்த்த பிறகுதான் ஓட்டுநர் நகரலாம். இது கம்பெனி பிறந்த நாளிலிருந்து உள்ள வழக்கம். இதில் மட்டும் யாரும் விளையாட மாட்டோம். பக்கத்து ஊரில் இப்படி நிற்காமல் போன வண்டியில் இருந்தவர்களை எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

முதல் உறைமழை நாளில் வண்டி அடிவாரத்தில் நின்றது. நான் இறங்கி வழுக்கி வழுக்கி முன்னால் போனேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். ரயில் இல்லை. கொடியை வீசினேன். வண்டி நகரவில்லை. மறுபடி வீசினேன். கண்ணாடி வெள்ளையாக இருந்தது, உள்ளே லிண்டெல் ஒரு நிழலாகத் தெரிந்தான். நிழலிலிருந்து மணி கேட்டது. நான்கு தடவை.

துடை என்கிறான். துடைக்க வேண்டிய கயிறு வண்டியின் பின்னால் இருக்கிறது. அதை இழுக்க வேண்டியவன் தண்டவாளத்தின் நடுவில் கொடியோடு நிற்கிறேன்.

ஓடினேன். பின்னால் ஏறிக் கயிற்றை இழுத்தேன். கண்ணாடி தெளிந்தது. தெளிந்த கண்ணாடி வழியாக லிண்டெல் தண்டவாளத்தைப் பார்த்தான். அங்கே கொடியும் இல்லை, கண்டக்டரும் இல்லை. ஆகவே நகரவில்லை. நான் இறங்கி மறுபடி முன்னால் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் கண்ணாடி மறுபடி வெள்ளை. மறுபடி நான்கு மணி.

உள்ளே பயணிகள் கத்த ஆரம்பித்தார்கள். மீன் மண்டியில் வேலை செய்யும் ஒரு பெண், "நான் இழுத்துத் தொலைக்கறேன்யா, நீ போய் நில்லு!" என்றாள். பயணிகள் பொறியைத் தொடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று கயிற்றுக்குப் பக்கத்திலேயே பலகை மாட்டியிருந்தது. கடைசியில் நான் முன்கூண்டுக் கதவைத் தட்டினேன்.

"யோவ் லிண்டெல், ரயில் இல்ல! கிளம்பு!"

"கொடி தெரியலையேப்பா!"

"கொடியை விடு, வாயால சொல்றேன்ல!"

"எப்ப பார்த்தே?"

நான் பார்த்து, திரும்பி நடந்து, அவனோடு வாதம் பண்ணிய நேரத்தில் ஒரு ரயில் வருவதற்கு வேண்டிய அவகாசம் இருந்தது. அவன் முகம் வெளுத்திருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் படியில் தொற்றிக்கொண்டேன், அவன் வேகக் கைப்பிடியைத் திருப்பினான். வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியது. சக்கரங்கள் தடதடத்த அந்த நேரம் முழுக்க நான் மூச்சு விடவில்லை. நாங்கள் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னால் ரயில் ஊதிக்கொண்டே போனது.

அன்றைக்கே பிக்ஃபோர்டிடம் போனோம். நான்தான் பேசினேன். கண்ணாடியைத் துடைப்பவனும் கொடி காட்டுபவனும் ஒரே ஆள் என்றும், இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, பிரச்சினை என்னன்னா ஓட்டுநருக்குக் கொடி தெரியல."

"ஆமா சார்."

"அப்ப கொடி சின்னதா இருக்கு."

அடுத்த வாரம் புதுக் கொடி வந்தது. ஹில்டுர் அதைப் பார்த்துவிட்டு, "இதை யார் கட்டில்லேருந்து உருவினீங்க?" என்று கேட்டாள். ஏரிக்காற்றில் அதை விரித்தால் கொடி நான் சொன்னபடி கேட்காது, நான்தான் கொடி சொன்னபடி போவேன்.

லிண்டெல் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அடிவாரம் வந்ததும் மேல்கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து, அந்த இடுக்கில் இடது கண்ணை வைத்துப் பார்த்தான். அது குற்றம்தான், பயணிகளுக்குக் குளிர் அடிக்கும் என்று அதற்கும் தடை இருந்தது. ஒவ்வொரு தடவையும் குற்றவாளிபோலக் கூசிக்கொண்டேதான் திறந்தான். வீட்டுக்குப் போனால் ஹில்டுர் வெந்நீர்த் துணியை அந்தக் கண்ணில் வைத்து அழுத்துவாள். "இன்னும் எத்தனை நாள் குளிர் இருக்கு?" என்று என்னிடம் கேட்பாள், ஏதோ நான்தான் பருவத்தை நடத்துவதுபோல.

ஜனவரியில் கர்னல் பொறியை உலகத்துக்குக் காட்டத் தீர்மானித்தார். குழு உறுப்பினர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரையும் எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார். உறைமழை பெய்கிற நாளாகப் பார்த்து வைத்ததற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அதைவிட நல்ல செய்தி, பொறிக் கயிற்றைத் தானே இழுக்கப்போவதாக அவர் சொன்னது. லிண்டெல் என்னைப் பார்த்தான். எனக்கும் அதே எண்ணம்தான். இன்றைக்காவது கயிற்றுக்கு ஒரு ஆள், கொடிக்கு ஒரு ஆள்.

மலையில் இறங்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. லிண்டெல் நான்கு அடிப்பான், கர்னல் இழுப்பார், கண்ணாடி தெளியும், பத்திரிகைக்காரர்கள் ஆகா என்பார்கள். கர்னலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு தடவை கேட்டால் இரண்டு தடவை துடைக்க ஆரம்பித்தார். "தாராளமாத் துடைப்போம்!" என்றார்.

அடிவாரம். வண்டி நின்றது. நான் அந்தப் படுக்கை விரிப்புக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி முன்னால் நடந்தேன். தண்டவாளத்தின் நடுவில் நின்று இடப்பக்கம் திரும்பினேன். சாரலுக்குள் கறுப்பாக ஒரு புகை. காலுக்குக் கீழே தண்டவாளம் லேசாக அதிர்ந்தது. சரக்கு ரயில், மரம் ஏற்றியது, வேகமாக வந்துகொண்டிருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை. டிராம் நிற்கிறது. நான் தண்டவாளத்தை விட்டு டிராம் பக்கமாக விலகிக்கொண்டேன், ரயிலைப் போகவிட்டால் போதும்.

வண்டியிலிருந்து நான்கு மணி கேட்டது. கண்ணாடி மறைத்திருக்கிறது, துடைக்கச் சொல்கிறான். சரிதான்.

கர்னல் தாராளமாக இரண்டு தடவை இழுத்தார். மணிக்கயிற்றை.

இரண்டு மணி. கிளம்பு.

வெளியே நின்ற எனக்கே அது தெளிவாகக் கேட்டது. லிண்டெலுக்குக் கேட்காமல் இருக்குமா? அவனுக்கு எதிரே வெள்ளைச் சுவர். பின்னாலிருந்து கிளம்பச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பின்னால் இருப்பது தலைவர். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி என்னை நோக்கி நகர்ந்தது.

"நில்லுடா! லிண்டெல்! நில்லு!"

கத்தினேன். காற்று அதை ஏரிக்குள் கொண்டுபோயிற்று. கொடியை விரித்து ஆட்டலாம் என்று இழுத்தேன், அது என் தலையைச் சுற்றி மூடிக்கொண்டது. கிழித்துக்கொண்டு வெளியே வந்தபோது வண்டியின் மூக்கு என் மார்புக்கு எதிரே இருந்தது. ரயில் ஊத ஆரம்பித்திருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. கர்னல் பேசிக்கொண்டிருந்தார்.

லிண்டெலுக்கு ஊதல் கேட்டிருக்கிறது. அவன் பிற்பாடு என்னிடம் சொன்னது இது: "எந்தப் பக்கம்னு தெரியல. முன்னால போறதா, நிக்கறதா? கண்ணாடியைத் திறக்கப் பார்த்தேன். உறைஞ்சு ஒட்டிக்கிட்டு அசையவே மாட்டேங்குது." மின்சாரம் நின்றிருந்தால்தான் வேகக் கைப்பிடி கழன்று கையோடு வரும். அவன் மின்சாரத்தை நிறுத்தினான், கைப்பிடியை உருவினான், கம்பெனியின் பித்தளைக் கைப்பிடியால் கம்பெனியின் கண்ணாடியை ஓங்கி அடித்தான்.

கண்ணாடி நொறுங்கி என்மேல் கொட்டியது. ஓட்டை வழியாக லிண்டெலின் தலை வந்தது. என்னைப் பார்த்தான், ரயிலைப் பார்த்தான். பிரேக்கை இரண்டு கையாலும் சுற்றினான். பனி பிடித்த தண்டவாளத்தில் சக்கரம் உருளாமல் வழுக்கிக்கொண்டே வந்தது. நான் பக்கவாட்டில் குதித்துச் சேற்றுப்பனியில் முகம் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தபோது வண்டி நின்றிருந்தது. அதன் மூக்குக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மரம் ஏற்றிய பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன. அது முடியவே முடியாது போலிருந்தது.

ரயில் போய் முடிந்தது. பிறகு உள்ளேயிருந்து கர்னலின் குரல்.

"பார்த்தீங்களா கனவான்களே! எவ்வளவு தெளிவாப் பார்த்து, எப்படி நிறுத்தினான்! பொறி இருக்கப்போய்த்தானே!"

பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின.

விசாரணை நடந்தது. பிக்ஃபோர்ட் குற்றங்களைச் சொன்னார். ஓட்டுநர் பிரேக்கிலிருந்து கையை எடுத்தான், கண்ணாடியை உடைத்தான், கிளம்பு என்ற மணிக்குக் கீழ்ப்படியவில்லை. மணியை அடித்தது யார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "கெனீலி, உன்னைக் கேட்கல" என்றார். லிண்டெல் எழுந்து நின்றான்.

"தப்புதான் சார். ஆனா அந்த ஓட்டை வழியா எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது."

கர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொன்ன? நல்லாத் தெரிஞ்சுதா?"

"கண்ணாடி இல்லேல்ல சார். அதனால தெரிஞ்சுது."

கர்னல் மேசையை ஓங்கித் தட்டினார். அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. குற்றங்களையெல்லாம் பெருந்தன்மையாக மன்னித்தார். லிண்டெலுக்குக் கை கொடுத்தார். குளிர்காலம் முடியும் வரை எல்லா வண்டிகளிலும் முன்கண்ணாடியைக் கழற்றிவிட உத்தரவிட்டார். பனி ஒட்டுவதற்குக் கண்ணாடி இருந்தால்தானே? பொறி மட்டும் இருக்கும். அதைப் பற்றிப் பத்திரிகையில் வந்துவிட்டதால் கழற்ற முடியாது. மணி அடித்துத் துடைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கும்.

ஆக லிண்டெல் கண்ணாடியில்லாத வெறும் மரச்சட்டத்துக்கு முன்னால் நின்று வண்டி ஓட்டினான். உறைமழை நேராக முகத்தில் வந்து அடித்தது. நேரத்துக்கு நேரம் நான்கு மணி அடிக்க வேண்டும், நான் கயிற்றை இழுக்க வேண்டும், மரக்கை காற்றைத் துடைத்துவிட்டுத் திரும்பும். அவன் கொஞ்சம் குனிந்திருந்தால் ரப்பர் பட்டை மூக்கில் அறைந்துவிட்டுப் போகும். மேற்பார்வையாளர் தெருமுனையில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தக் கயிற்றைப் பார்த்தாலே யாரையாவது அதில் கட்டித் தொங்கவிடத் தோன்றும்.

காற்றும் பனியும் படாமல் கண்ணுக்குப் போடும் மூக்குக்கண்ணாடிக்கு அனுமதி கேட்கச் சொல்லி ஹில்டுர் அழுதாள். கேட்டோம். பிக்ஃபோர்ட் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுல ரெண்டு கண்ணாடி இருக்கு இல்லியா? அதுல பனி ஒட்டும் இல்லியா? அதைத் துடைக்க ஒரு பொறி வேணும் இல்லியா? இப்பத்தான் ஒரு பிரச்சினையைத் தீர்த்திருக்கோம் லிண்டெல். மறுபடி ஆரம்பிக்காதே."

லிண்டெல் வெளியே வந்ததும், "அவர் சொல்றதும் ஒரு வகையில சரிதானேப்பா?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். எனக்கு அவனை அறையவும் கட்டிக்கொண்டு அழவும் ஒரே நேரத்தில் தோன்றியது.

வசந்தம் வந்தது. கண் பரிசோதனை. வலது கண்ணால் கடைசி வரி வரை படித்தான். டாக்டர் வலது கண்ணை மூடிப் பலகையைப் பார்க்கச் சொன்னார்.

"படி."

"எதை டாக்டர்?"

"பலகையைத்தான்."

"எங்க மாட்டியிருக்கீங்க?"

டாக்டர் ஓர்ம்ஸ்பி கையை நீட்டினார். லிண்டெல் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான்.

வெளியே நடைவழியில் கர்னல் எதிரே வந்தார். விஷயத்தைக் கேட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். லிண்டெலின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"உன் நல்லதுக்காக நாங்க என்னதான் செய்யல சொல்லு? இந்த நாட்டுலேயே எங்க வண்டியில இருக்கற மாதிரி தெளிவான முகப்பு வேற எவன் வண்டியிலயும் கிடையாது. மறைக்க ஒரு கண்ணாடிகூடக் கிடையாது! அவ்வளவு வசதி பண்ணிக் கொடுத்தும் ஒருத்தனுக்குக் கண்ணு தெரியலைன்னா, கம்பெனி என்னப்பா செய்யும்?"

"அதானே சார்" என்றான் லிண்டெல்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். நல்ல வெயில். ஹில்டுர் படிக்குப் பக்கத்தில், அவனுக்கு இடப்பக்கமாக, இரண்டு கைகளையும் மார்போடு கோத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைத் தாண்டிப் படியிறங்கிப் போய், தெருவில் நின்று அவளைத் தேடினான்.

அவள் வேகமாக இறங்கிப்போய், அவனைச் சுற்றி வலப்பக்கம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.